‘நல்லா ஓட்டுனது யாரு?’ – ரேஸ் முடிந்தபின் ஓட்டுநர்களை எடைபோடும் முறை: முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடி. ஐரோப்பாவில் நடக்கும் ஃபார்முலா ஒன் ரேஸ் பெரும்பாலும் நமக்கு மாலை 6:30க்குத் தொடங்கும். ஆறு மணிக்கே பாயை விரித்து எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்துவிடுவோம். ரேஸ் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘இன்னிக்கு நல்லா ஓட்டுனது யாரு’ என்ற பேச்சு முடிய ராத்திரி பதினொன்றாகும்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் புதிதாகச் சேர்வார்கள். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முடிவுப் பட்டியலை முதலில் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாகக் காரணம் தேடுகிறார்கள். கீழே இருப்பது அதைத் தலைகீழாக்கும் முறை. வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறினால் மிச்சமெல்லாம் வீண்.

1. முன்கூட்டியே வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, இரண்டு நிறப் பேனா, இரண்டு போன். ஒரு போனில் ரேஸ் ஓடட்டும், அல்லது டிவியில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றில் ஃபார்முலா ஒன் செயலியின் லைவ் டைமிங் ஓடவேண்டும். ஒவ்வொரு காரும் ஒவ்வொரு லேப்புக்கு (தடத்தின் ஒரு முழுச் சுற்று) எடுத்துக்கொண்ட நேரம், முன்னால் போகிறவரோடு இடைவெளி, எந்த டயர் என்பதெல்லாம் அதில் வரும்.

நேரத்தின் நிறங்களை முதலில் பழகிக்கொள்ளுங்கள். ஊதா என்றால் எல்லாரையும்விட வேகம். பச்சை என்றால் அவருடைய சொந்த நேரங்களில் சிறந்தது. மஞ்சள் என்றால் இரண்டும் இல்லை. டயருக்கு வேறு நிறக்கணக்கு: சாஃப்ட் சிவப்பு, மீடியம் மஞ்சள், ஹார்ட் வெள்ளை, ஈரத்துக்கான இன்டர்மீடியட் பச்சை, கொட்டும் மழைக்கானது நீலம். புதியவர்கள் இந்த இரண்டு மஞ்சளையும் இரண்டு பச்சையையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

லைவ் டைமிங் வைத்திருக்கும் போனை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் பாதி ரேஸில் கரண்ட் போகும். டிவி அணைந்தாலும் கணக்கு நிற்கக்கூடாது.

2. கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘நல்லா ஓட்டுனது யாரு’ என்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. யார் ஜெயித்தார்? யாருடைய கார் நல்ல கார்? அந்தக் காரை வைத்து, அது தரக்கூடியதைவிடக் கூடுதலாக யார் வாங்கினார்? முதல் கேள்விக்குப் பதில் பட்டியலிலேயே இருக்கிறது. நாம் பேசப்போவது மூன்றாவது.

இது முடிவானதும் அடுத்ததை முடிவு செய்யுங்கள்: தொடக்க வரிசையை முடிவு செய்யும் சனிக்கிழமை ஓட்டம், அதாவது குவாலிஃபையிங், கணக்கில் சேருமா, சேராதா? எங்கள் மாடியில் நடந்த சண்டைகளில் பாதி இதனால் வந்தவை. ஒருவர் குவாலிஃபையிங்கையும் சேர்த்துப் பேசுவார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பேசுவார். இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் ஒரு மணி நேரம் போய்விடும்.

நாங்கள் வைத்துக்கொண்ட விதி இது. பின்வரிசையிலிருந்து தொடங்குகிறவர் தன் தப்பால் அங்கே போனாரா, வேறு காரணத்தால் போனாரா என்று முதலில் கேட்போம். சனிக்கிழமை சுவரில் இடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து இடம் ஏறினால், அதில் பாதி தான் தொலைத்ததைத் தானே தேடி எடுத்தது. 2024 சாவ் பாலோவில் வெர்ஸ்டப்பன் 17ஆவது இடத்தில் தொடங்கி ஜெயித்தது அப்படியல்ல. குவாலிஃபையிங்கில் ரெட் ஃபிளாக் (ஓட்டத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடி) விழுந்த நேரத்தால் 12ஆவதாக வெளியேறினார். எஞ்சின் மாற்றியதற்கு ஐந்து இடம் தண்டனை. அவர் ஏறியதை முழுதாகவே அவர் கணக்கில் போடலாம்.

3. சனிக்கிழமை ராத்திரியே எதிர்பார்ப்பை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய உதாரணம் தேவையில்லை. திருவையாறு பக்கத்துத் தலைமடை வயலில் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை கண்டது என்று ஒருவர் சொல்கிறார். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்காரர் அதைவிட இரண்டு மூட்டை குறைவாகச் சொல்கிறார். முதல் ஆளைக் கெட்டிக்காரர் என்று யாராவது சொல்வோமா? மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர எத்தனை நாள் ஆனது, முறை வைத்து விட்டார்களா, வந்தபோது நாற்றங்கால் எந்த நிலையில் இருந்தது என்றுதானே முதலில் கேட்போம்? ஓட்டுநருக்கும் அதே கேள்விதான். முன்னணி அணியின் கார் தலைமடை வயல்.

அதனால் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் எதிரே, ‘இந்தக் கார், இந்தத் தொடக்க இடம், இந்தத் தடம் – சாதாரணமாக ஓட்டினால் எத்தனையாவது வருவார்?’ என்று ஓர் எண் எழுதுங்கள். எண்ணுக்கு வருவது எப்படி? அந்த அணியின் கடைசி நாலைந்து ரேஸ்களை எடுங்கள். விபத்து, பழுது நடந்தவற்றைத் தள்ளிவிட்டு சராசரி பாருங்கள். பிறகு வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் தொடர்ந்து பத்து லேப் போல ஓட்டியிருந்தால் அந்த நேரங்களைப் பார்த்து ஓர் இடம் முன்னே பின்னே தள்ளுங்கள். பயிற்சியின் ஒற்றை வேக லேப்பை நம்பாதீர்கள். எரிபொருளைக் குறைத்துப் போட்டு எடுத்த நேரமாக இருக்கலாம்.

எழுதியதும் பக்கத்தை மடித்து ஸ்டேப்ளர் போடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு, ‘அந்தக் கார் ரெண்டாவது வரும்னு எனக்கு அப்பவே தெரியும்’ என்று மனசு தானாக மாற்றிக்கொள்ளும். எனக்கே நடந்திருக்கிறது. ஒரு தடவை நான் சத்தியம் செய்தேன், நோட்டைப் பிரித்தால் என் கையெழுத்திலேயே ‘7’ என்று இருந்தது.

புதியவர்கள் செய்யும் தப்பு: இருபது பேருக்கும் மேல் எழுத அலுத்துக்கொண்டு முதல் ஆறு பேருக்கு மட்டும் எழுதுவது. சிறப்பாக ஓட்டியவர் பல நேரம் பதினான்காவதாக எதிர்பார்க்கப்பட்டு ஒன்பதாவதாக வந்தவராக இருப்பார். அவரை எழுதாமல் விட்டால் அவர் உங்கள் கண்ணிலேயே படமாட்டார்.

4. ரேஸின்போது ஆளுக்கு ஒரு வேலை

ஒருவரே எல்லாம் எழுத முயன்றால் ரேஸைப் பார்க்கவும் முடியாது, எழுதவும் முடியாது. பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் முதல் லேப் முடிந்ததும் எல்லார் இடத்தையும் எழுதவேண்டும். இன்னொருவர் பிட் (டயர் மாற்ற உள்ளே வந்து நிற்கும் இடம்): யார், எந்த லேப்பில், எந்த டயரிலிருந்து எந்த டயருக்கு, நின்ற நேரம் எவ்வளவு. மூன்றாமவர் சேஃப்டி கார் (விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் வரும் கார்), ரெட் ஃபிளாக், மழை, தண்டனை எல்லாம் எந்த லேப்பில் என்று குறிக்கவேண்டும். நான்காமவர் ரேடியோ, அதாவது அணியும் ஓட்டுநரும் பேசிக்கொள்வது. ‘உள்ளே வா’ என்று அணி சொன்னதா, ‘நான் வரமாட்டேன்’ என்று ஓட்டுநர் சொன்னாரா என்பது பின்னால் பெரிய ஆதாரம்.

கேமரா எப்போதும் முன்னால் போகிற நாலு பேரையும் சண்டை நடக்கிற இடத்தையும் சுற்றியே வரும். ஒருவர் நாற்பது லேப் யாரும் பார்க்காமல், ஒரு தப்பும் செய்யாமல், ஒரே சீராக ஓட்டுவது டிவியில் தெரியாது. அதைப் பார்க்கத்தான் லைவ் டைமிங்.

காபி வாங்கப் போகிறவர் சேஃப்டி கார் வந்திருக்கும்போது போகட்டும். பிட் எழுதுகிறவர் மட்டும் அப்போது எழுந்திருக்கக் கூடாது, அவருக்கு அப்போதுதான் வேலை அதிகம்.

5. முதல் லேப்பைத் தனியாக வையுங்கள்

தொடங்கிய இடத்துக்கும் முதல் லேப் முடிவில் இருந்த இடத்துக்கும் வித்தியாசத்தை எழுதுங்கள். அதில் எத்தனை இடம் ஆளைத் தாண்டி வந்தது, எத்தனை இடம் முன்னால் இருவர் மோதிக்கொண்டதால் வந்தது என்று பிரியுங்கள். முதல் வளைவில் மூன்று கார் சிக்கிக்கொண்டால் பின்னால் வருகிறவருக்குச் சும்மாவே மூன்று இடம் கிடைக்கும். அது அவர் திறமைக் கணக்கில் சேராது. ஆனால் அந்தக் குழப்பத்துக்குள் மாட்டாமல் வெளியே வந்தது சேரும். எவ்வளவு என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

6. லேப் நேரத்தை வாசிப்பது

பெரும்பாலானவர்கள் இங்கே பயந்து நோட்டை மூடிவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கூட்டல் கழித்தல்தான்.

முதலில் எரிபொருள். 2010 முதல் ரேஸ் நடுவே எரிபொருள் போடுவது கிடையாது. மொத்தத்தையும் சுமந்துகொண்டுதான் கிளம்புகிறார்கள். எரிய எரியக் கார் இலகுவாகும், தானாகவே வேகம் கூடும். ஒரு கிலோ குறைந்தால் லேப்புக்குச் சுமார் 0.03 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 லேப் ரேஸில் 100 கிலோ எரிகிறது என்றால் லேப்புக்கு ஏறக்குறைய 1.7 கிலோ. அதாவது ஒவ்வொரு லேப்பும் தன்னால் 0.05 விநாடி குறையவேண்டும். இருபது லேப்பில் ஒரு விநாடி.

இப்போது ஓர் உதாரணம். ஒருவர் 15ஆவது லேப்பில் 1:22.0, அதே டயரில் 35ஆவது லேப்பிலும் 1:22.0. பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. ஆனால் எரிபொருள் குறைந்ததற்கு 1:21.0 வந்திருக்கவேண்டும். அப்படியானால் டயர் தேய்ந்ததில் ஒரு விநாடி போயிருக்கிறது. அவருடைய டீம்மேட் (அதே அணியின் இன்னொரு ஓட்டுநர்) அதே வயதுள்ள டயரில் 1:22.6க்குப் போய்விட்டால், இவர் டயரை 0.6 விநாடி அளவுக்கு நன்றாகக் காப்பாற்றியிருக்கிறார். இந்த ஒரு கணக்கைப் போடத் தெரிந்தால் போதும், பாதி விவாதத்தை ஜெயித்துவிடலாம்.

அடுத்து, எந்த லேப்பை எடுப்பது? முன்னால் இரண்டு விநாடிக்குள் இன்னொரு கார் இருந்தால் அந்த லேப்பைத் தள்ளிவிடுங்கள். முன்காரின் பின்னால் காற்று கலங்கியிருக்கும், வளைவில் பிடிமானம் குறையும், டயர் சூடாகும். அந்த நேரம் ஓட்டுநரின் நேரமல்ல. பிட்டுக்குள் போகும் லேப், வெளியே வரும் லேப், மஞ்சள் கொடி லேப், ஒரு சுற்று பின்தங்கியவரைத் தாண்டிய லேப் எல்லாவற்றையும் தள்ளுங்கள். மிச்சமிருப்பதை ‘சுத்தமான லேப்’ என்போம். சிலருக்கு ரேஸ் முழுவதிலும் சுத்தமான லேப் பத்துகூடத் தேறாது. அவரைப் பற்றி வேகக் கணக்கில் உறுதியாக எதுவும் சொல்லாதீர்கள்.

சராசரியை மட்டும் பார்க்காமல் சிதறலையும் பாருங்கள். அடுத்தடுத்த பத்து சுத்தமான லேப்பில் அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.2 விநாடிதான் என்றால் அந்த ஆள் வேலை தெரிந்தவர்.

அதிவேக லேப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது புதியவர்களின் பிடித்தமான தப்பு. 2024 சிங்கப்பூரில் அதிவேக லேப் போட்டவர் ரிக்கார்டோ. அவர் வந்த இடம் 18. கடைசியில் பிட்டுக்கு வந்து புது சாஃப்ட் டயர் போட்டுக்கொண்டு எடுத்த நேரம் அது. இழக்க ஒன்றுமில்லாதவருக்கு அது சுலபம். 2019 முதல் 2024 வரை முதல் பத்துக்குள் வந்தவர் அதிவேக லேப் போட்டால் ஒரு புள்ளி உண்டு. அந்தப் பழக்கத்தில் இன்னும் சிலர் அதைத் திறமைச் சான்றாகச் சொல்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு: மெதுவாக ஓட்டினார் என்று ஒருவரைக் கழித்துவிடுவது. 2023 சிங்கப்பூரில் முன்னணியில் இருந்த சைன்ஸ் வேண்டுமென்றே பின்னால் இருந்த நாரிஸைத் தன்னிடமிருந்து ஒரு விநாடிக்குள் வைத்துக்கொண்டார். நாரிஸுக்கு டி.ஆர்.எஸ். (முன்காருக்கு ஒரு விநாடிக்குள் இருந்தால் பின்சிறகைத் திறந்து நேர்பாதையில் வேகம் கூட்டும் வசதி) கிடைக்கும், அதை வைத்து நாரிஸ் பின்னால் புது டயரில் வந்த மெர்சிடிஸ்காரர்களைத் தடுப்பார், சைன்ஸ் தப்பிப்பார். அப்படியே நடந்தது. லேப் நேரத்தை மட்டும் பார்த்தால் அந்த ஓட்டத்தின் புத்தி தெரியவே தெரியாது. 2018 மொனாக்கோவில் ரிக்கார்டோவும் அப்படித்தான். 28ஆவது லேப்பில் எம்.ஜி.யு.-கே (எஞ்சினுக்குத் துணையான மின்மோட்டார்) பழுதாகி, காரின் சக்தியில் கால்வாசி போய்விட்டது. மிச்ச ஐம்பது லேப்பும் முன்னால் நின்றே ஜெயித்தார். சுத்தமான லேப் கணக்குப் போட்டு, ஒருவர் ஏன் அந்த வேகத்தில் ஓட்டினார் என்ற கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகவேண்டும்.

7. அதிர்ஷ்டத்தைக் கழியுங்கள்

சாதாரணமாகப் பிட்டுக்குள் போய்வர பல தடங்களில் இருபது விநாடி அளவில் இழப்பு. சேஃப்டி கார் ஓடும்போது போனால் மற்றவர்களும் மெதுவாகப் போவதால் அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். ரெட் ஃபிளாக் விழுந்து ரேஸ் நின்றால் இழப்பே இல்லாமல் டயர் மாற்றிக்கொள்ளலாம். ஆக, சேஃப்டி கார் வருவதற்கு ஒரு லேப் முன்னால் பிட்டுக்குப் போனவர் பத்து விநாடி தோற்றார், பின்னால் போனவர் பத்து விநாடி பெற்றார். இருவருமே எதுவும் செய்யவில்லை. உங்கள் மூன்றாமவரும் இரண்டாமவரும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துவிடும்.

2024 சாவ் பாலோவுக்கே திரும்பி வருவோம். மழையில் நாரிஸும் ரஸலும் டயர் மாற்றிவிட்டார்கள். வெர்ஸ்டப்பன், ஓகான், காஸ்லி மாற்றாமல் வெளியே இருந்தார்கள். பிறகு ரெட் ஃபிளாக். வெளியே இருந்த மூவருக்கும் சும்மா டயர் கிடைத்தது, அந்த மூவரே கடைசியில் முதல் மூன்று இடம். அதனால் வெர்ஸ்டப்பனின் வெற்றி வெறும் அதிர்ஷ்டமா? அதுவரை பதினேழிலிருந்து ஏறி அந்த இடத்துக்கு வந்ததும், அதன் பிறகு ஓகானைத் தாண்டி விலகிப்போனதும் அதிர்ஷ்டமல்ல. சும்மா கிடைத்த டயரால் வந்ததைக் கழியுங்கள், மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழிக்காதீர்கள்.

கழித்ததும் ‘இது யார் எடுத்த முடிவு’ என்று கேளுங்கள். ரேடியோ எழுதியவர் இங்கேதான் பேசவேண்டும். 2021 ரஷ்யாவில் கடைசியில் மழை வந்தபோது முன்னணியில் இருந்த நாரிஸ் உலர் டயரிலேயே இருப்பேன் என்று தானே முடிவெடுத்தார். ஹாமில்டன் உள்ளே போய் மாற்றி ஜெயித்தார், நாரிஸ் ஏழாவது. அதுவரை அவர் ஓட்டியது அருமை, ஆனால் அந்த முடிவு அவர் கணக்கில்தான் வரும். 2020 சாகிரில் ரஸலுக்கு நடந்தது வேறு. ஹாமில்டனுக்குப் பதிலாக அந்த ஒரு ரேஸுக்கு மெர்சிடிஸில் உட்கார்ந்து முன்னணியில் போனார். பிட்டில் டீம்மேட் போட்டாஸுக்கு உரிய டயரை இவருக்கு மாட்டிவிட்டார்கள், திரும்ப வரவேண்டியிருந்தது. பிறகு டயர் பஞ்சர். முடிவு ஒன்பதாவது. அந்த ஒன்பதில் அவர் பங்கு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட ரேஸில்தான் பட்டியலுக்கும் ஓட்டத்துக்கும் இடைவெளி அதிகம்.

மழை ரேஸ் என்றால் இந்தப் படியையே இரண்டு மடங்கு நிதானமாகச் செய்யுங்கள். 2020 துருக்கியில் ஹாமில்டன் ஆறாவதாகத் தொடங்கி, எட்டாவது லேப்பில் போட்ட இன்டர்மீடியட் டயரை மிச்ச ஐம்பது லேப்புக்கும் ஓட்டி ஜெயித்தார். கடைசியில் அந்த டயர் வழவழவென்று ஆகிவிட்டது. அன்று போல் பொசிஷனில், அதாவது முதலிடத்தில், தொடங்கிய ஸ்ட்ரோல் ஒன்பதாவது. காரின் வேகத்தைவிட டயரைக் காப்பாற்றத் தெரிந்த கால் அன்று பெரிதாக நின்றது.

8. இப்போதுதான் டீம்மேட்டோடு ஒப்பிடுங்கள்

பலர் முதல் வேலையாக இதைச் செய்கிறார்கள். ஒரே கார், அதனால் நேரடி ஒப்பீடு என்பது அவர்கள் வாதம். சரிதான், ஆனால் மேலே சொன்ன கழித்தலை முடிக்காமல் செய்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும். ஒருவருக்குச் சேஃப்டி காரில் பிட் கிடைத்திருக்கும், இன்னொருவருக்குக் கிடைத்திருக்காது.

அணி என்ன சொன்னது என்றும் பாருங்கள். 2024 ஹங்கேரியில் முன்னால் இருந்தவர் பியாஸ்ட்ரி. மெக்லாரன் அணி நாரிஸை முதலில் பிட்டுக்கு அழைத்ததால் நாரிஸ் முன்னால் வந்துவிட்டார். பிறகு இடத்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள், கடைசி லேப்களில் கொடுத்தார். முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்து இருவரையும் ஒப்பிட்டால் என்ன தெரியும்?

இன்னொரு பொறி: டீம்மேட்டுக்கு அன்று கெட்ட நாள் என்பதாலேயே இவர் பெரிய ஆளாகத் தெரிவது. பக்கத்து வயலில் பூச்சி விழுந்தால் நம் வயல் நல்ல வயலாகிவிடாது. சனிக்கிழமை எழுதிய எண்ணோடும் சேர்த்துப் பாருங்கள்.

9. ஓவர்டேக்கை எண்ணாதீர்கள், எடைபோடுங்கள்

பிட்டில் நிற்பவரைத் தாண்டுவது ஓவர்டேக் அல்ல. முப்பது லேப் பழைய டயரில் இருப்பவரைப் புது டயரில் நேர்பாதையில் தாண்டுவது ஓவர்டேக்தான், ஆனால் கால் மதிப்பு. 2011 முதல் 2025 வரை டி.ஆர்.எஸ். இருந்த காலத்து ரேஸ்களைப் பேசும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். ஒரே வயது டயரில், வளைவுக்குள், வெளிப்பக்கத்தில் போய்த் தாண்டினால் முழு மதிப்பு.

தாண்டவிடாமல் தடுத்ததையும் எழுதுங்கள். யாரும் எழுதமாட்டார்கள், பட்டியலில் வராது. 2021 ஹங்கேரியில் அலோன்சோ தன்னைவிட வேகமான காரில் வந்த ஹாமில்டனைப் பத்து லேப் அளவுக்கு நிறுத்திவைத்தார். அலோன்சோ கோட்டை ஐந்தாவதாகத்தான் தாண்டினார், பின்னால் வெட்டல் தகுதிநீக்கமானதால் பட்டியலில் நான்காவது. ஆனால் அவர் நிறுத்தியதால்தான் அவர் அணியின் ஓகான் ஜெயிக்க முடிந்தது. எங்கள் கணக்கில் அன்று ஓகானைவிட அலோன்சோவுக்கு ஓட்டு அதிகம். கபடியில் ஆளைப் பிடித்து நிறுத்துகிறவனுக்கும் கைதட்டுகிற ஊர்தானே நம்முடையது.

10. தண்டனையும் தகுதிநீக்கமும்

இங்கே ஒரே கேள்வி: தப்பு காக்பிட்டில் நடந்ததா, கொட்டகையில் நடந்ததா?

2024 ஸ்பாவில் ரஸல் ஒரே ஒரு பிட் மட்டும் செய்து, தேய்ந்த டயரில் ஹாமில்டனைத் தடுத்து முதலாவதாக வந்தார். நாங்கள் அவரைத்தான் அன்றைய சிறந்தவர் என்று முடிவு கட்டிவிட்டு ரவா தோசை சாப்பிடப் போயிருந்தோம். அங்கேயே செய்தி வந்தது: கார் குறைந்தபட்ச எடையான 798 கிலோவுக்கு ஒன்றரை கிலோ குறைவு, தகுதிநீக்கம். ஹாமில்டனுக்கு வெற்றி. டியூஷன் சார் ஒருவர் எங்களோடு உண்டு. ‘அண்ணே, பேப்பர்ல பேரு தப்பா எழுதிருந்தா மார்க்கு கிடையாது, ஆனா பையனுக்குக் கணக்கு தெரியும்ல’ என்றார். எனக்கு அது முழுச் சம்மதமில்லை. இலகுவான கார் கொஞ்சம் வேகமாகத்தான் போகும். ஆறாம் படியின் கணக்குப்படி ஒன்றரை கிலோவுக்கு லேப்புக்கு 0.045 விநாடி. ஸ்பாவில் 44 லேப். இரண்டு விநாடிக்குள். அந்த இருவருக்கும் கோட்டில் இருந்த இடைவெளி அதைவிடக் குறைவு. ஆக, ஓட்டத்தைப் பாராட்டலாம், வெற்றியைப் பாராட்ட முடியாது.

2020 மொன்சாவில் ஹாமில்டன் பிட் மூடியிருந்தபோது உள்ளே போனார், பத்து விநாடி நின்று போகும் தண்டனை, ஏழாவதாக முடிந்தது. அழைத்தது அணி. ஆனால் மூடியிருக்கிறது என்ற அடையாளம் தடத்தின் ஓரத்தில் இருந்தது. பாதிப் பாதி என்று பிரித்தோம்.

ரேஸ் முடிந்து இரண்டு மணி நேரமாவது பொறுத்து ரேஸை நெறிப்படுத்தும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தளத்தில் அதிகாரிகளின் அறிக்கையைப் பாருங்கள். லேப் நேரப் பட்டியலும் அங்கேயே கிடைக்கும், நீங்கள் எழுதத் தவறியதைச் சரிபார்க்கலாம்.

11. தீர்ப்பு சொல்லும் முறை

பேசுவதற்கு முன்னால் எல்லாரும் சீட்டில் மூன்று பெயர் எழுதி மடித்துப் போடவேண்டும். பேச ஆரம்பித்த பிறகு எழுதினால், பாத்திரக்கடை அண்ணன் சொன்னதையே எல்லாரும் எழுதுவார்கள். வீடு அவருடையது, காபியும் அவருடையது.

பிறகு ஸ்டேப்ளர் போட்ட சனிக்கிழமைப் பக்கத்தைப் பிரியுங்கள். எதிர்பார்த்த எண்ணிலிருந்து முடிவு எண் எவ்வளவு விலகியது என்று ஒவ்வொருவருக்கும் எதிரே எழுதுங்கள். அதிர்ஷ்டத்தால் வந்த இடங்களை இன்னொரு நிறப் பேனாவால் அடியுங்கள். மிச்சமிருக்கும் எண் தீர்ப்பல்ல, பேச்சைத் தொடங்கும் இடம். பதினைந்திலிருந்து எட்டுக்கு வருவதும் மூன்றிலிருந்து ஒன்றுக்கு வருவதும் எண்ணில் ஏழும் இரண்டும். கஷ்டத்தில் அப்படியல்ல. மேலே போகப் போக ஒவ்வொரு இடமும் கனம்.

வயதில் சிறியவர் முதலில் பேசட்டும். ஒரு நிபந்தனை: யார் பேசினாலும் ஒரு லேப் எண்ணைச் சொல்லியாக வேண்டும். ‘அவன் செம்மையா ஓட்டுனான் மாமா’ என்பது செல்லாது. ‘41லேர்ந்து 50 வரைக்கும் பழைய ஹார்ட் டயர்ல 0.3க்குள்ளேயே ஓட்டிருக்கான் மாமா, பாருங்க’ என்றால் செல்லும். இந்த ஒரு விதி வந்தபிறகு மாடியில் சத்தம் பாதியானது.

அதிகாரபூர்வமான ‘டிரைவர் ஆஃப் த டே’ ரசிகர் ஓட்டு 2016லிருந்து நடக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டுவர அனுமதிப்பதில்லை. ரேஸ் முடிவதற்கு முன்பே ஓட்டுப்பதிவு தொடங்கிவிடும், ரசிகர் கூட்டம் அதிகமுள்ளவருக்குச் சாதகம்.

12. நம்ம ஆள் என்று வரும்போது

இதுதான் கடைசிப் பரீட்சை. புதியவர் ஒருவர் முறையைப் புரிந்துகொண்டாரா என்று பார்க்க நாங்கள் கொடுக்கும் கணக்கு: 2005 அமெரிக்க கிராண்ட் பிரி, இண்டியானாபொலிஸ். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஓட்டி நான்காவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். எப்படி எடைபோடுவீர்கள்?

பட்டியலை மட்டும் பார்த்தவர் துள்ளிக் குதிப்பார். கொஞ்சம் படித்தவர், மிஷெலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் விலகிவிட்டதால் ஓடியது ஆறே கார் என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவார். இரண்டுமே அரைகுறை. ஆறு காரில் இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. சனிக்கிழமை எழுதும் எண் என்னவாக இருந்திருக்கும்? ஃபெராரிகளுக்கு 1, 2. ஜோர்டான்களுக்கு 3, 4. மினார்டிகளுக்கு 5, 6. நடந்ததும் அதுவே. மூன்றாவது இடம் அவருடைய டீம்மேட் மான்டேரோவுக்குப் போனது. ஆக, எதிர்பார்த்தபடி ஓட்டினார், டீம்மேட்டுக்கு ஓர் இடம் பின்னால். புள்ளி வாங்கியது உண்மை, முதல் இந்தியர் என்பதும் உண்மை, அன்றைய சிறந்த ஓட்டம் அதுவல்ல.

இதைச் சொல்லிவிட்டு ஒரு பையன் எங்கள் முகத்தைப் பார்த்தான், திட்டுவோமோ என்று. அவனைத்தான் அடுத்த வாரத்திலிருந்து பிட் எழுதப் போட்டோம்.